பொண்ணு விசாரிச்ச போன்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள். அதற்கு முன்னால் என் அக்கா அழ வேண்டும்.

அழுதாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள், தட்டில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"சாயந்தரத்துக்குள்ள சேலத்துக்காரங்களுக்குப் பதில் சொல்லோணும்டா. பதினெட்டாயிரம் சம்பளம் தாரேங்கறாங்க."

"சரின்னு சொல்லு. இதுக்கு எதுக்கு அழுவாச்சி?"

"முதலாளிகிட்டக் கேட்டேன். பன்னெண்டப் பதினஞ்சாக்குங்க, இங்கயே இருந்துக்கறேன்னு. பாவம்டா அவரு."

எருமப்பட்டி ரோட்டில் கோழித்தீவன மில் வைத்திருக்கும் குமாரசாமி என்ன சொன்னார் என்பதை அக்கா சொன்னால் எடுபடாது. நான் சொல்கிறேன். மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு படியுங்கள்.

"தேவி சாமி... மில்லு நட்டத்துல ஓடுது சாமி. முட்டை வெல எறங்கிக் கெடக்குது. நீ எங்கூட்டுப் புள்ள. நீயே இப்படிக் கேட்டீன்னா நான் எங்க சாமி போவேன்?"

அக்கா மூக்கைச் சிந்தினாள். "நட்டத்துல இருக்கற மனுசன உட்டுட்டு எப்படிடா போறது?"

அவளுக்கு மனசு இளகியது. எனக்குத் தொண்டை அரித்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். சம்பளம் உயர்த்திக் கேட்டால் முதலாளிகள் எல்லாவற்றையும் குறைத்துச் சொல்வார்கள். பொண்ணு விசாரித்து போன் வந்தால் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வார்கள்.

என் போனில் குமாரசாமியின் நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா வாயைப் பொத்தினேன். செருமினேன். எனக்கு ஐம்பத்தைந்து வயது ஆனது.

"ஏனுங்க, குமாரசாமிங்களா? திருச்செங்கோட்டுல இருந்து பேசறனுங்க. நமக்கு நாலு போர்வெல் வண்டி ஓடுதுங்க. உங்க மில்லுல கணக்குப் பாக்கற தேவிப்ரியாவ நம்ம பையனுக்குப் பாக்கறோமுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"அடடே! தங்கமான புள்ளைங்க! அது இல்லீன்னா மக்காச்சோள லோடு உள்ள வராது, தீவன மூட்டை வெளிய போவாதுங்க!"

"அதெல்லாஞ் சரிங்க. மில்லே நட்டத்துல ஓடுதாமே?"

"எவனுங்க சொன்னான்? போன வருச லாபத்துலதானுங்க சேந்தமங்கலத்துல ரெண்டாவது மில்லு கட்டறேன்! நேர்ல வந்து பாருங்க!"

அக்கா என் கையை வாயிலிருந்து எடுத்தாள். அழுகை நின்றிருந்தது.

"சந்தோசமுங்க. ஆனா கல்யாணத்துக்கு அப்பறம் மருமவளப் பன்னெண்டாயிரத்துக்கெல்லாம் வேலைக்கு அனுப்பறதா இல்லீங்க."

"ஐயோ, நிறுத்திப் போடாதீங்க! ரெண்டு மில்லுக்கும் அந்தப் புள்ளையத்தானுங்க நம்பியிருக்கறேன். இருபது போட்டுக் குடுத்தர்றேன்."

"எங்க வண்டி டிரைவரே இருபதுக்கு மேல வாங்கறானுங்க."

"இருபத்தஞ்சுங்க! அடுத்த மாசத்துல இருந்தே!"

முப்பது வரைக்கும் என் தொண்டை தாங்கியிருக்கும். அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"ஐயா, தேவிப்ரியா பேசறனுங்க."

"சாமி! உனக்கு யோகந்தான் போ! உன்ற மாமனாருகிட்டத்தான் பேசிட்டிருக்கறேன்!"

"எல்லாங் கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன். நீங்க நட்டத்துல இருக்கறீங்கன்னுதான் சேலம் போவத் தயங்குனேனுங்க. இப்ப மனசு லேசாயிருச்சு. அந்தப் பதினெட்டுக்கே போயிக்கறேனுங்க."

"ஏஞ்சாமி? இருபத்தஞ்ச உட்டுட்டுப் பதினெட்டுக்கா?"

"பதினெட்டு எனக்குக் குடுக்கறதுங்க. இருபத்தஞ்சு என்ற மாமனாருக்குக் குடுத்ததுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, குமாரசாமியின் சொந்தக் குரல்.

"சாமி... ஆரு கொரலுன்னாலும் பேசுவான்னு சொல்லுவியே, உன்ற தம்பி... அவன் இப்ப பக்கத்துலயா இருக்கறான்?"