குழாயின் முனை

"தொடாதீங்க தங்கச்சி!"

கிளமென்ட் போட்ட சத்தத்தில் வித்தியா நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அவள் பிடிக்கப் போனது விரல் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அவ்வளவுதான்.

"கோவிச்சுக்காதீங்க. இப்பதான் மருந்துத் தண்ணியிலேர்ந்து எடுத்தேன். இனிமே இது பியரைத் தவிர வேற எதையும் தொடக்கூடாது."

மாசி என்ற புறநகரில் இருந்த அந்த வீட்டுக் கராஜில் கார் நின்று பல வருடம் ஆகியிருக்கும். நடுவில் மேசை. அதன்மேல் இருபத்துமூன்று லிட்டர் பிடிக்கும் மூடி போட்ட வாளி. பக்கத்தில் தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில்கள்.

கிளமென்ட் ஈப்போவில் பிறந்தவர், கூரியர் வேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பெட்டிகள் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன பெரிய கைகள். அந்தக் கைகளைப் பார்த்ததும் வித்தியாவுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் குறைந்தது.

கராஜில் பியர் காய்ச்சுகிற ஆள் என்று கேட்டபோதே, முடியாது என்று சொல்லிவிடத்தான் இருந்தாள். "சனிக்கிழமை பாட்டில்ல நிரப்புறேன். ஒரு தடவை வந்து என் வேலையைப் பாருங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்று அவர் போனில் கெஞ்சியதால் வந்திருந்தாள்.

"போத்தலுக்குள்ள நுரை நிக்குது. அதைக் கழுவேல்லையோ?" என்று கேட்டாள்.

"கழுவுறது காலையிலேயே முடிஞ்சுது. பவுடர் போட்ட சுடுதண்ணியில ஊற வச்சு, அழுக்கெல்லாம் எடுத்தாச்சு. ஆனா கழுவுறது வேற, கிருமியைக் கொல்றது வேற லா. இந்த நுரைதான் கொல்லும். பைப் தண்ணி ஊத்தி அலசினா, போன கிருமி திரும்பி வந்துரும்."

"துணியால துடைச்சா?"

"ஐயோ! துணியை விடக் கிருமிக்கு வேற வீடு வேணுமா?"

கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஷாமளா லேசாகச் சிரித்தாள். தோளில் சால்வை, முகத்தில் களைப்பு. "சோத்துப் பானையை இப்படி ஒரு நாள் கழுவியிருப்பாரா கேளுங்க."

கிளமென்ட் சிரிக்கவில்லை. வாளியின் திருகுகுழாயை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, மறைவான இடுக்குகளில் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சினார். கையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றார். அந்தத் தடித்த விரல்கள் துண்டுகளைத் திரும்பப் பூட்டிய விதத்தில், பிறந்த குழந்தையைத் தூக்குகிற பயம் இருந்தது.

"இவ்வளவு எங்க பழகினீங்கள்?"

"தோத்துப் பழகினேன். முதல் ரெண்டு தடவை மொத்தமும் புளிச்சுப்போச்சு. ருசி பார்த்தேன், வாந்தி வந்துச்சு. எங்கே தப்புன்னு ஒரு வாரம் தேடினேன். இந்தக் குழாயோட இடுக்குல, கண்ணுக்கே தெரியாத ஒரு பொட்டு அழுக்கு. அதுலேர்ந்து ஒன்பது வருஷம். ஒரு பாட்டில் கெட்டுப்போகல."

நிரப்பத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. பொன்னிறமாக பியர் ஓசையில்லாமல் ஏறியது. வித்தியா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அவர் வாய் பதில் சொன்னதே தவிர, கண் குழாயின் முனையை விட்டு நகரவில்லை. மேசையில் போன் அடித்தது. அதுபாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

பதினோராவது பாட்டிலுக்குப் போகும்போது கிளமென்ட் சட்டென்று நின்றார். திருகுகுழாயை மூடினார்.

"பட்டுருச்சு."

"என்ன பட்டது?"

"முனை. சட்டைக் கையில."

"நான் பார்த்துக்கொண்டுதானே நிண்டனான்? படேல்லையே."

"நானும் பாக்கலைங்க" என்றாள் ஷாமளா பதற்றமாக. "விடுங்களேன், இவங்க வந்திருக்கிற நேரத்துல..."

"நீங்க ரெண்டு பேரும் பாக்கல. எனக்குத் தெரியும்."

குழாயைக் கழற்றினார். மறுபடி சுடுதண்ணீர். மறுபடி மருந்துத் தண்ணீர். முழங்கை வரை மறுபடி கை கழுவினார். கடிகாரத்தைப் பார்த்தபடி மறுபடி இரண்டு நிமிடம் நின்றார்.

பதினைந்து வருடமாக எத்தனை பேரின் கைகளைக் கவனித்திருக்கிறாள்! அவள் பார்க்கும்போது ஒழுங்காகச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் சொன்னால் தனக்கே பாதகம் என்று தெரிந்தும், யார் கண்ணுக்கும் படாத தவறைத் தானே சொல்லி, முதலிலிருந்து தொடங்குகிற மனிதரை இன்றுதான் பார்க்கிறாள். ஏதோ சந்நிதியில் நிற்பதுபோல, தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றாள்.

கடைசிப் பாட்டிலுக்கு மூடி அழுத்திவிட்டு கிளமென்ட் திரும்பினார்.

"ஒரு தப்பு நடந்துபோச்சு தங்கச்சி. பார்த்தீங்க. நான் மறைக்கல."

"ஓம் அண்ணை. பியர் பழுதாப் போனா ஊத்திப்போட்டு வேற காய்ச்சலாம்..."

"தெரியும்" என்றார் அவர். ஷாமளாவைப் பார்த்தார். "அதுல அப்படி முடியாது. அது எனக்குத் தெரியும்."

வித்தியா பையிலிருந்து ஆஸ்பத்திரிப் படிவத்தை எடுத்தாள். 'வீட்டில் நோயாளிக்கு டயாலிசிஸ் செய்யப்போகிறவர்' என்ற இடத்தில் கிளமென்ட்டின் பெயரை எழுதி, 'நர்ஸ்' என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"அக்கா, திங்கட்கிழமை பயிற்சி தொடங்கலாம். உங்கட வயித்தில வைக்கிற குழாயின்ர முனையை இவரை நம்பிக் குடுக்கிறன்."