கலெக்டர் கன்னம் தொட்ட கத்தி

குழந்தைவேலுவின் சலூனில் முப்பது வருஷம் உழைத்த சவரக் கத்தி, ஒருநாள் கீழே விழுந்து நுனி உடைந்தது. அவர் குப்பையில் எறிந்ததைப் பொம்மை செதுக்கும் ஆரோக்கியம் எடுத்துவந்து, உடைந்த இடத்தைத் தேய்த்து, மரப்பிடி போட்டார்.

"அநியாயமா இல்லே?" என்று கத்தி பொருமியது. "கலெக்டர் கன்னத்தையே தொட்டவன் நான்! என்னைப் போய் மரம் சீவ விடுறானே! என் முதலாளிக்குத் தெரிஞ்சா இவனைச் சும்மா விடமாட்டார்."

"எனக்கு இதுவரைக்கும் ஒரு காதுதான் செதுக்கியிருக்கு," என்றது பாதி செதுக்கிய மரக்குதிரை.

"வாயை மூடு!"

மறுநாள் குழந்தைவேலுவே பொம்மை வாங்க வந்தார். கத்தியை எடுத்து, வழக்கம்போல் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பதம் பார்த்தார். கத்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நல்ல கத்தியா இருக்கே! எங்க வாங்கினீங்க?"

"நீங்க தூக்கிப் போட்டதுதாங்க."

"நானா? ஞாபகமே இல்லையே," என்று கீழே வைத்துவிட்டு, பொம்மைகளைப் பார்க்கப் போனார்.

ஆரோக்கியம் கத்தியை எடுத்துக்கொண்டு மரக்குதிரையிடம் திரும்பினார். கத்தி குதிரையிடம் சீறியது:

"என்னத்தைப் பார்க்கிறே? தலையைத் திருப்பு. இன்னொரு காது வேணுமா, வேணாமா?"