தடையின்றி விழும் பொருள்

"கிலோன்னா எடை இல்லய்யா, நிறை! எடைன்னா நியூட்டன். நாலு நாளா இதையே தலைகீழாச் சொல்றீங்க."

வாத்தியார் சாக்பீஸால் தரையைத் தட்டினார். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மாணவர் தலையைச் சொறிந்தார். சொறிவதற்கு அங்கே முடி அதிகம் இல்லை. அவருக்கு நாற்பத்தெட்டு வயது.

"கடைக்காரன் எடைன்னுதானே சார் சொல்றான்?"

"கடைக்காரனா உங்க பேப்பரைத் திருத்தப் போறான்?"

பத்தாம் வகுப்புத் தனித்தேர்வில் மற்ற பாடங்களை எல்லாம் அவர் எப்படியோ தாண்டிவிட்டார். அறிவியல் மட்டும், அதிலும் இயற்பியல் பகுதி, மூன்று முறை காலை வாரிவிட்டது. நாலாவது முறைதான் கடைசி வாய்ப்பு. தேறினால் இப்போது வேலை பார்க்கும் அதே வளாகத்தில் எழுத்தர் நாற்காலி. தவறினால் பழைய வேலையிலேயே ஓய்வு பெற வேண்டியதுதான்.

இப்போதைய வேலை வருடத்துக்கு ஒரு நாள். மிஞ்சிப் போனால் இரண்டு நாள். மற்ற நாட்களில் சாமான்களைத் துடைத்து வைத்தால் போதும். இப்படி ஒரு வேலை என்றால் ஊரே வரிசையில் நிற்கும் என்று நினைப்பீர்கள். அவருடைய மகளோ பள்ளிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தை வருடா வருடம் காலியாகவே விட்டாள்.

வாத்தியார் இருபத்தோரு வருடம் இயற்பியல் நடத்தியவர். பாடம் சொல்லிக் கொடுக்க எங்கேயும் போக மாட்டார். மாணவர்தான் தேடி வர வேண்டும். வாசலில் இருப்பவர் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை உள்ளே விடுவார். பத்தடிக்கு எட்டடி அறை. நாலு சுவரிலும் சூத்திரங்கள். அங்கே குடியிருந்த எறும்புகளைத் தேர்வு எழுத வைத்திருந்தால் முதல் வகுப்பில் தேறியிருக்கும்.

"ஒரு பொருள் இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழுது. தரைக்கு வர எத்தனை வினாடி?"

மாணவர் நோட்டில் கிறுக்கினார். "ஒண்ணே கால்... ஒண்ணரை... ஒரு சுமாரா..."

"சுமாரா? பாதி எங்கேய்யா? பாதி ஜி டி ஸ்கொயர்! அந்தப் பாதியை எந்தக் காக்கா கொத்திக்கிட்டுப் போச்சு?"

"மறந்துட்டேன் சார்."

"உங்க வேலையிலயும் இப்படித்தான் சுமாராப் போடுவீங்களா?"

மாணவரின் முகம் சுருங்கியது. "போன வருஷம் கண்மதிப்பாப் போட்டேன் சார். தப்பாயிடுச்சு. அப்புறம் பத்து நாள் எனக்குச் சோறு இறங்கலை."

வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

"சரி, நீங்க பாஸாயிட்டா உங்க இடத்துக்கு யார் வருவாங்க?" என்றார் வாத்தியார்.

"யாரும் வர மாட்டாங்க சார். எனக்கு முன்னாடி ஆறு வருஷம் காலியாக் கிடந்துச்சு. அத்தனையும் அப்படியே நின்னு போச்சு."

"பாஸானா உங்களை உடனே மாத்திடுவாங்களா?"

"ரிசல்ட் வந்த அன்னிக்கே ஆர்டர் கொடுத்துடுவாங்க."

"ரிசல்ட் எப்ப?"

"பதினெட்டாம் தேதி."

வாத்தியார் விரல் விட்டு எண்ணினார். "ஒரு நாள் முந்தி. போதும். திரும்ப முதல்லேர்ந்து வாங்க. நிறைன்னா என்ன?"

அன்று பாடம் முடியும்போது கத்திக் கத்தி வாத்தியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. தேர்வுக்குப் போகிறவரை விட அனுப்புகிறவர்தான் சூத்திரங்களை அதிக முறை முணுமுணுத்தார்.

"சார், நானே இவ்வளவு பயப்படலை," என்றார் மாணவர்.

"நீங்க பயப்படாததாலதான்யா எனக்குப் பயமா இருக்கு."

பதினெட்டாம் தேதி மதியம் மாணவர் வந்தார். கையில் நோட்டு, அக்குளில் ஒரு எடை மெஷின். வாத்தியார் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மெஷினைத்தான் பார்த்தார்.

"எவ்வளவு?"

"முப்பத்தி நாலு சார்."

தேற முப்பத்தைந்து வேண்டும்.

"எந்தக் கணக்கு?"

"விழற பொருள்தான் சார். சூத்திரம் எல்லாம் எழுதினேன். பாதியை மட்டும் விட்டுட்டேன்." மாணவர் நோட்டைப் புரட்டினார். "உங்க மேல ஒரு தப்பும் இல்லை சார். நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க."

வாத்தியார் சுவரில் இருந்த சூத்திரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். சுண்ணாம்பு ஒட்டிய விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அந்தச் சட்டையில் ஒரு எண் தைத்திருந்தது.

"மெஷினைக் கீழே வைங்க," என்றார்.

மாணவர் வைத்தார். வாத்தியார் ஏறி நின்றார். முள் ஆடி நின்றது.

"உங்க நிறை அறுபத்திரண்டு கிலோ சார். எடை அறுநூத்தி இருபது நியூட்டன்."

முதல் முறையாகச் சரியாகச் சொன்னார். பிறகு தரையில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கால் மணி நேரம் கணக்குப் போட்டார். வாத்தியார் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"பாதி போட்டீங்களா?"

"போட்டுட்டேன் சார்."

நாளைக் காலை தன்னைத் தூக்கில் போட எத்தனை அடி கயிறு விட வேண்டும் என்ற அந்தக் கணக்கை வாத்தியார் வாங்கி, வரி வரியாகச் சரிபார்த்து, கீழே ஒரு டிக் போட்டு, தூக்குப் போடுகிறவரிடமே திருப்பிக் கொடுத்தார்.