காணாமல் போன வீடியோ

“அழிச்சுத் தொலைச்சிட்டியா?”

அதிகாரி மேசையில் ஓங்கி அறைந்தார். தேடுதல் அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கணினி முன்னால் இருந்தவள் மட்டும் தலை நிமிரவே இல்லை.

“தெரியல சார். அந்தக் கடைசி ட்ரோன் வீடியோ பொதுத் தொகுப்புலதான் இருந்துச்சு. இப்பக் காணோம்.”

அலுவலகத்தில் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பட்டப்பெயர். ட்ரோன் வீடியோ, செயற்கைக்கோள் படம், தேடும் குழுக்கள் அடையாளமிட்டு அனுப்பும் இடங்கள் எல்லாம் வரைபட மென்பொருளில் ஒரே தொகுப்பாக வந்து சேரும். அவற்றை இனம் பிரித்து அடுக்குவதும், யார் எதைத் திறக்கலாம் என்று முடிவு செய்வதும் அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள். இதுவரை ஒரு படம்கூடத் தவறியதில்லை.

மலைக்காட்டில் நேற்று ஒரு பெண் காணாமல் போயிருந்தாள். அவள் கணவன் விடிந்ததிலிருந்து இந்த அறையை விட்டு நகரவில்லை. அவன் அழுததைப் பார்க்கச் சகிக்காமல், தொகுப்பைப் பார்க்கும் அனுமதியை அவன் கைபேசிக்கும் கொடுக்கச் சொன்னவர் அதிகாரிதான்.

“பழசையாவது இன்னொரு தடவ போடுங்க,” என்றான் அவன்.

பூட்டு காலை வீடியோவை ஓட்டினாள். அது ஓட ஓட, ட்ரோன் பார்க்கும் இடம் வரைபடத்தில் மஞ்சள் கட்டமாக நகர்ந்தது. பாறை மேல் நீல உடையில் ஒருத்தி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது, மீட்புக் குழு அங்கே போய்ச் சேரும் முன் எடுத்த மதிய வீடியோ. இந்த ட்ரோனில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். “எங்கம்மா இருக்க? நான் வந்துட்டேன்!” என்று இந்த அறையில் பதிவு செய்த கணவனின் குரலோடு அது அதே பாறையைச் சுற்றியது. பாறை காலி.

“என் குரலைத் தேடிக்கிட்டுதான் இறங்கியிருப்பா பாவி,” அவன் தலையில் அடித்துக்கொண்டான். “அடுத்த வீடியோல இருந்திருப்பா. அதத்தான் இந்தம்மா தொலைச்சிட்டாங்களே!”

வாசலில் அவன் தம்பி கூட்டாளிகளோடு நின்றிருந்தான். “அண்ணி உயிரு அங்க ஊசலாடுது. உங்களுக்கு இங்க கம்ப்யூட்டர் விளையாட்டா?” என்று உள்ளே பாய்ந்தான்.

அதிகாரி அவனைக் கையால் தடுத்துவிட்டுப் பூட்டிடம் திரும்பினார். “ஒரு உயிரு உன் கையில இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்ப அந்த வீடியோல எங்க பாத்தேன்னாவது சொல்லித் தொலை!”

அவள் வரைபடத்தில் மலையின் மறுபக்கத்தைக் காட்டினாள். “இங்க சார். இந்த ஆத்து வளைவுகிட்ட.”

கணவன் திரையைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு ஓடினான். தம்பியும் கூட்டாளிகளும் பின்னாலேயே ஓடினார்கள். இரண்டு ஜீப்புகள் உறுமிக்கொண்டு கிளம்பின.

புழுதி அடங்கும் வரை அதிகாரி சன்னலிலேயே நின்றார். பிறகு கதவைத் தாழிட்டார். பூட்டின் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார்.

“ரொம்பத் திட்டிட்டேனாம்மா?”

அவள் இல்லையென்று தலையசைத்தாள். குடிக்கும்போது பாட்டில் பல்லில் இடித்தது.

அவர் வயர்லெஸ்ஸை எடுத்தார். “மீட்புக் குழு, பேசுங்க.”

“சார், இவங்க ஒரு அடி நகர மாட்டேங்குறாங்க. நீங்களே பேசுங்க, குடுக்குறேன்.”

கரகரப்புக்கு நடுவே ஒரு பெண்குரல் கிசுகிசுத்தது.

“அவரு போயிட்டாரா சார்?”