சுவிட்ச் யாருக்கு?

"சுவிட்ச நான்தான் அழுத்தணும். போன தடவ கெட்டது என் வேலை," என்றான் பேட்டரி.

"உன் வேலை ஒண்ணும் கெடல. கெட்டது என்னோடது," என்றாள் பசை.

மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்து ராக்கெட் மன்றத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மகள் சொன்னதுதான். அங்கே யாரையும் சொந்தப் பெயரில் கூப்பிடுவது கிடையாது. மின்கம்பிகளைப் பார்ப்பவன் பேட்டரி. இறக்கைகளை ஒட்டுபவள் பசை. பாராசூட் தைக்கும் பொறுப்பு அவர்கள் மகளுக்கு; அவள் பெயர் நூல்கண்டு.

மன்றத்து வழக்கம் ஒன்றையும் சொல்லியிருந்தாள். போன தடவை யாருடைய வேலையால் ராக்கெட் விழுந்ததோ, அடுத்த ராக்கெட்டை ஏவும் சுவிட்சை அவர்தான் அழுத்த வேண்டும். அழுத்தியதும் மற்றவர்கள் கைதட்டுவார்கள். அத்தோடு அவர் கணக்கு தீர்ந்தது. பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆனாலும் அங்கே சண்டை எப்போதும் இன்றைக்கு நடப்பதற்குத் தலைகீழாகத்தான் இருக்கும். என் தலையில் கட்டாதே என்று ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். சாப்பாட்டு மேசையில் மகள் அதை நடித்தே காட்டுவாள்.

போன தடவை ஏவிய ராக்கெட் மெதுவாக இறங்காமல், தலைகுப்புற வந்து மண்ணில் செருகிக்கொண்டதாம். அன்றைக்கு மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஏன் விழுந்தது என்று அப்பா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த ராக்கெட் தயாராவதற்குள் ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது அந்த ராக்கெட் தயாராகி நிற்கிறது. பாராசூட்டை இந்தத் தடவை தையற்கடையில் கொடுத்துத் தைத்திருந்தார்கள். அதில் மகளின் பெயரை எழுதியிருப்பதாகவும், இருவரும் வந்து பார்க்க வேண்டும் என்றும் மன்றத்தின் கேப்டன் வீடு தேடி வந்து அழைத்திருந்தான்.

பேட்டரியும் பசையும் விடுவதாக இல்லை. கம்பி ஒன்று தளர்ந்திருந்தது என்றான் அவன். இறக்கை கோணல் என்றாள் இவள். எல்லாவற்றையும் பார்த்துச் சரி என்று சொன்னது தான்தான், ஆகவே குற்றம் தன்னுடையதே என்று கேப்டனும் நடுவில் புகுந்தான். பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதுபோல் பழிக்கு அடித்துக்கொள்கிறவர்களை அப்பா அன்றுதான் பார்த்தார்.

அம்மா எழுந்து அவர்களிடம் போனாள்.

"ஏம்ப்பா, மூணு பேர் வேலையும் கெட்டிருந்தா அது மேலயே போயிருக்காதே."

அம்மா பசையின் பக்கம் திரும்பினாள். மகளின் பையில் அந்தப் பழைய பாராசூட்டை வைத்து வீட்டுக்கு அனுப்பியது நீதானே என்று கேட்டாள். பசை தலையாட்டினாள். மண் போகத் துவைத்து, மன்றத்தில் மடிக்கிற முறைப்படி மடித்து, நினைவுக்கு இருக்கட்டும் என்று வைத்தாளாம்.

"நல்லாத்தான் மடிச்சிருந்தம்மா. நான் பிரிச்சுப் பாத்தேன். கயிறு சேர்ற இடத்துல எல்லாம் தையல் விட்டுப்போயிருக்கு."

பசைக்கு அப்போதுதான் உறைத்தது. மடிப்பைப் பார்த்தாளே தவிர, அதைப் பிரிக்கவும் ஆள் இருக்கும் என்று நினைக்கவில்லை. கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவ பேர் கெடக் கூடாதுன்னு மூணு பேரும் பொய் சொல்றீங்க. புரியுது. ஆனா உங்க வழக்கப்படி, நீங்க யாரு அழுத்தினாலும் அவ கணக்கு அப்படியேதானப்பா நிக்கும்?"

பேட்டரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவே தொடர்ந்தாள்.

"அவ கணக்குன்னு ஒண்ணும் கிடையாது. அந்த வாரம் அவளுக்குப் பரீட்சை. நீயே தச்சுக் குடும்மான்னு துணிய எங்கிட்ட போட்டுட்டுப் படிக்கப் போயிட்டா. அவசரத்துல நான்தான் ஒத்தத் தையலா ஓட்டிட்டேன். அம்மாவக் காட்டிக் குடுக்க மனசு வரல அவளுக்கு. வாய மூடிக்கிட்டா."

"அப்ப அது நூல்கண்டு தச்சது இல்லையாம்மா?" என்று பசை கேட்டாள்.

"அவ தச்சது எங்கயாவது விடுமா?"

பசை இல்லை என்று தலையசைத்தாள். அவள் முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கிப்போனது.

கேப்டன் சுவிட்ச் பெட்டியை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினான். எல்லோரும் பாதுகாப்புக்குக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் போய் நின்றார்கள். பத்திலிருந்து கீழே எண்ணினார்கள். அம்மா அழுத்தினாள். சீறிக்கொண்டு மேலே போன ராக்கெட் ஒரு புள்ளியாகி, பிறகு சிவப்புத் துணி விரிய, அசைந்து அசைந்து இறங்கியது. கைதட்டல் நிற்க வெகுநேரமாயிற்று. அதன்பிறகு வழக்கப்படி யாரும் பழைய பேச்சை எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவும் எடுக்கவில்லை. அந்த வீட்டில் தைக்கத் தெரிந்தவள் மகள் ஒருத்திதான். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது.