பிடரிக் கொண்டை

"தூக்கிப் போடவா, தாழ்த்திப் போடவா?"

கொண்டை ஊசிகளை உதட்டில் இடுக்கியபடி மரகதம் கேட்டாள். படப்பையில் அவளுடைய பியூட்டி பார்லருக்குக் கல்யாணப் பெண்கள் தேடி வருவார்கள்.

கண்ணாடி முன் உட்கார்ந்திருந்த மெர்சி, கிரீடம் இருந்த டப்பாவைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பென்னலூர் தேவாலயத்தில் அவளுக்குக் கல்யாணம். அம்மா காரைப் பார்க்க வெளியே போயிருந்தாள்.

உச்சிக்கொண்டைதான் மெர்சியின் ஆசை. செல்போன் கம்பெனியில் முடியையெல்லாம் குல்லாவுக்குள் திணித்துக்கொண்டு, நின்ற இடத்தில் நின்று போன்களுக்கு மூடி பொருத்திய நாட்களில் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். உச்சியில் உயரமாக ஒரு கொண்டை. அதைச் சுற்றி முத்துக் கிரீடம். அங்கிருந்து தரைவரை இறங்கும் வெள்ளை நெட் முக்காடு.

"தாழ்த்தியே போட்டுடுங்கக்கா."

மரகதத்தின் கை நின்றது.

"இன்னாம்மா, அன்னிக்கு அந்தப் படத்தக் காட்டிக் காட்டி என் உயிர எடுத்தியே?"

"அவரு என்னவிடக் கொஞ்சம் குள்ளம்க்கா. பக்கத்துல நின்னா..."

மரகதத்தின் முகம் இளகிவிட்டது.

"புருசனுக்கோசரம் ஆசைய வுட்டுக் குடுக்குற பொண்ண இப்பத்தான் பாக்குறேன். போன வாரம் ஒருத்தி, மாப்பிள்ளைக்கு வழுக்கைன்னு என் மேல எரிஞ்சு வுழுந்தா. நீ நல்லா இருப்பம்மா."

அந்தப் பாராட்டு மெர்சிக்கு, திருடிய பூவைத் தலையில் வைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

மாப்பிள்ளை சாம்சனுக்காக அவள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கூட வேலை செய்யும் பெண்கள் வருவார்கள். போனை நீட்டிப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் கேண்டீனில் மேசைக்கு மேசை போகும். கொண்டை உயர உயர அவன் இன்னும் குள்ளமாகத் தெரிவான். அவளுடைய கவலையெல்லாம் அதுதான்.

அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன் சாம்சன். அந்த வராந்தாவில் யாரும் அவனை அளந்து பார்க்கவில்லை. அவளும்தான்.

கர்த்தரின் சந்நிதியில் கைபிடிக்கப் போகிறவனைப் பற்றி, அதே நாள் காலையில், இப்படி ஒரு வெட்கம். கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தாள். கேண்டீன் மேசைகள்தான் கண்ணுக்குள் வந்தன.

கொண்டை பிடரியில் அடக்கமாக உட்கார்ந்துவிட்டது. கிரீடம் டப்பாவிலேயே இருந்தது. மரகதம் நெட்டை எடுத்து உதறும்போது கதவு திறந்தது.

சாம்சனின் தங்கை ரோஸ்லின், கையில் பூச்செண்டோடு மூச்சிரைக்க நின்றாள்.

"இத வூட்லயே வெச்சிட்டோம் அண்ணி. ஷேர் ஆட்டோ, அது இதுன்னு புடிச்சி வரேன்... அய்ய! இன்னா இவ்ளோ சின்னதா போட்டுக்கினு கீறீங்க? அண்ணன் பாத்தா அழுதுடும்."

"அவருக்கு இன்னாம்மா கவல கொண்டையில?" என்றாள் மரகதம்.

"அத ஏன் கேக்குறீங்க! காலைலேர்ந்து வூட்ல ஒரே கூத்து. கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கினு, கால்ல பாத்தா கம்பெனி சேஃப்டி ஷூ! இரும்பு வெச்ச அந்தத் தடி ஷூ! வாங்கின புது ஷூ அப்படியே கீது. அப்பா திட்டித் திட்டிப் பாத்தாரு. 'அடி நல்லா ஒசரமா கீதுப்பா, மெர்சி கொண்டையத் தூக்கிப் போட்டுக்கினு வரும், நான் பக்கத்துல நிக்கணும்ல'ன்னு குந்திக்கினு பாலிஷ் போடுது."

மரகதம் வாய்விட்டுச் சிரித்தாள். ரோஸ்லினுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒரகடம் பஸ் ஸ்டாப்புல யாரோ பொண்ணுங்க அண்ணன உங்க தம்பின்னு நெனச்சிடிச்சிங்களாம் அண்ணி. அதுங்க மேல இன்னா தப்பு, நான் அப்படித்தான கீறேன்னு அதுவே சொல்லிச் சொல்லிச் சிரிக்குது."

மெர்சி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்கள் தாமாக எதையும் நினைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வேறு ஷிப்டுக்காரிகள். கூட வந்திருப்பது யார் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

தம்பி என்று சொன்னது மெர்சி.

சாம்சன் அப்போது நாலடி தள்ளி, அவளுக்கு டீ வாங்கிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்திருக்காது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். டீயைக் கையில் கொடுத்தபோது சூடாக இருக்கிறது, பார்த்துக் குடி என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டிலும் அவள் பேரைச் சொல்லாமல், பழியை முகம் தெரியாத யாரோ பெண்கள் தலையில் போட்டிருக்கிறான்.

மரகதம் நெட்டை விரித்துக்கொண்டு அருகே வந்தாள். மெர்சி கையை உயர்த்தித் தடுத்தாள்.

"கழட்டிடுங்கக்கா. தூக்கியே போடுங்க."

"இப்பவா? நேரமாச்சேம்மா!"

"பரவால்லக்கா." ரோஸ்லின் பக்கம் திரும்பினாள். "ரோஸி, அவர அந்தப் புது ஷூவையே போட்டுக்கச் சொல்லு."

"அப்பறம் போட்டோல அண்ணன் குள்ளமா தெரியுமே அண்ணி?"

"தெரியட்டும்."

மரகதம் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினாள். மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஊசி எடுக்க வசதியாகத்தான் குனிகிறாள் என்று மரகதம் நினைத்துக்கொண்டாள்.