யாரும் எழுதாத வரி

"இறந்துவிட்டார்" என்று கணினித் திரையில் இருந்தது. அப்படிச் சொல்லப்பட்ட அம்மாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மந்தைவெளியில் ஒரு மாடி அலுவலகம். அடையாற்றங்கரைக் குடிசைகளை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே மாற்று வீடு கொடுக்கிறார்கள். யார் யாருக்கு வீடு என்ற பட்டியல் இங்கேதான் தயாராகிறது. இன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள், அப்புறம் யார் காலில் விழுந்தாலும் திறக்க மாட்டார்கள்.

"சுலோச்சனாம்மா," என்று கூப்பிட்டான் கணினியில் பட்டியல் தயாரிக்கும் கிளிஃபர்ட். அவர் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டான். கூட வந்திருந்த மகள் தமிழ்நிலா தோளைத் தொட்ட பிறகுதான் "இன்னா சார்?" என்றார். ஏ.சி. சத்தத்தில் காதில் விழுந்திருக்காது என்று அவன் குரலை உயர்த்திக்கொண்டான்.

"நீங்க செத்துட்டதா சிஸ்டம் சொல்லுதும்மா."

"மூணு வாரமா இதையேதான் சொல்லிக்கினு கீறீங்க," என்று பாய்ந்தாள் தமிழ்நிலா. "இதோ குத்துக்கல்லாட்டம் குந்திக்கினு கீது எங்கம்மா. நல்லா பாருங்க சார். அப்பா போய் ரெண்டு வருசம் ஆவுது. நாளைக்குக் காலையில பொக்லைன் வந்துடும். பட்டியல்ல பேரு இல்லன்னா நாங்க எங்க போவோம்?"

கிளிஃபர்ட் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். காரியத்தைக் கெடுத்தவன் அவன்தான்.

ரேஷன் பட்டியல், ஆற்றங்கரைக் கணக்கெடுப்பு, இறப்புப் பதிவு எல்லாம் அந்தக் கணினியில் தனித்தனிப் பெயர் போட்ட அறைகளாக இருந்தன. அறைக்கு அவன் பாஷையில் 'கிராஃப்'. ஒரு கிராஃபில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. போன மாதம் அவன்தான் எல்லா அறைக் கதவையும் திறந்துவிட்டு, கணினி தானாகவே ஊகித்து முடிவு கட்டும்படி ஒரு விதி எழுதினான். பெயர், புருஷன் பெயர், கதவு எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள். ஒரு அறையில் செத்திருந்தால் எல்லா அறையிலும் செத்தவர். அன்றைக்கு ஆபீசில் கேக் வேறு வெட்டினார்கள்.

இறப்புப் பதிவில் ஒரு சுலோச்சனா இருந்தாள். புருஷன் பெயரும் அதே துரைராஜ், கதவு எண்ணும் அதே, செத்துப் பத்தொன்பது வருஷம். எந்தப் புண்ணியவான் யாரை நினைத்து எழுதி வைத்தானோ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டான்.

'இறந்துவிட்டார்' என்ற வரியை அழித்தான். பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி வந்து நின்றது. மூன்று தரம் அழித்தான், மூன்று தரமும் வந்தது. அது யாரும் எழுதிய வரி இல்லை, விதியைப் பிடித்துக்கொண்டு கணினி தானே ஊகித்தது. விதி இருக்கும்வரை அது வந்துகொண்டேதான் இருக்கும்.

மணி நாலே கால். மேலாளர் ஸ்ரீனிவாசராகவனுக்குப் போன் போட்டான்.

"விதியெல்லாம் நிறுத்தப்படாது. எழுபதாயிரம் பேர் லிஸ்ட் அதுலதான் ஓடிண்டிருக்கு," என்றார் அவர். "வேணும்னா செத்தவா வேற, இவா வேறன்னு தனியா ஒரு வரி எழுது. அப்போ ரெண்டு பேரையும் சேக்காது. ஆனா அந்தம்மா கைநாட்டு வெச்ச உறுதிமொழி வேணும். நாளைக்கு அது பொய்னு வந்தா உன் வேலை போயிடும், பாத்துக்கோ."

"பொய்யா? ஆளே என் எதிர்ல உக்காந்திருக்காங்க சார்!"

போனை வைத்துவிட்டு மடமடவென்று தட்டச்சு செய்தான். தாளை எடுத்துவந்து உரக்கப் படித்துக் காட்டினான். "இறப்புப் பதிவில் உள்ள பெண் வேறு, நான் வேறு. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை."

"அவ்ளோதான்மா. கட்டை விரலை வெச்சீங்கன்னா வீடு உங்களுக்கு."

மைப்பெட்டியைத் திறந்து வைத்தான். அந்த அம்மாள் விரலை மையில் தோய்த்தார். தாளுக்கு மேலே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"எந்த உறவும் இல்லன்னு போட்டுத்தான் ஆவணுமா சார்?"

"போட்டாதான்மா செல்லும்."

மணி நாலு ஐம்பது. பட்டியலைப் பூட்டப்போவதாகத் திரையில் எச்சரிக்கை வந்துவிட்டது. கிளிஃபர்ட் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டான். "பத்து நிமிஷம்தான் இருக்கு. தயவுசெஞ்சு வைங்கம்மா. இதை விட்டா என்னால ஒண்ணுமே செய்ய முடியாது."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இத்தனை நாள் அலைந்த அலைச்சலில் ஒரு தடவைகூட அவர் அழுது தமிழ்நிலா பார்த்ததில்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது, பயத்தில் கோபமும் வந்தது.

"வைம்மா! யாரோ ஒரு பொம்பள, எப்பவோ செத்துச்சு. அதுக்கு இன்னாத்துக்கு நீ அழுதுக்கினு கீற? நமக்கு அது யாரு?"

அவர் விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டார். தாளைக் கிளிஃபர்ட் பக்கமாகத் தள்ளிவிட்டு, தமிழ்நிலாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் சுலோச்சனா இல்லடி. சுலோச்சனா எங்கக்கா... உன்னப் பெத்தவ."